லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

வண்டி வாங்கப் போகிறவர் முதலில் என்ன கேட்கிறார்? "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்றுதான் கேட்கிறார். பணக்காரரும் கேட்கிறார். ஏழையும் கேட்கிறார். கார் வாங்குகிறவரும் கேட்கிறார். மோட்டார் சைக்கிள் வாங்குகிறவரும் கேட்கிறார்.

நம் நாட்டில் இந்தக் கேள்வி எல்லா மொழிகளிலும் உண்டு. வடக்கே இந்தியில் "கித்னா தேத்தீ ஹை?" என்பார்கள். "எவ்வளவு கொடுக்கும்?" என்று பொருள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாருதி சுசுகி கம்பெனி இந்தக் கேள்வியையே தன் விளம்பரம் ஆக்கியது. மக்களின் வாயில் இருந்த கேள்வியை எடுத்து, அதை வைத்தே வண்டி விற்றது.

மக்கள் இப்படிக் கேட்பதில் தவறு இல்லை. பெட்ரோல் விலை நம் கையில் இல்லை. நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் டீசலுக்கும் நீங்கியது. ஆகவே, ஒரு லிட்டர் மிச்சமானாலும் நல்லது என்று நாம் நினைக்கிறோம்.

இது கம்பெனிகளுக்கும் நன்றாகத் தெரியும். அதனால் விளம்பரத்தில் மைலேஜ் எண்ணைப் பெரிதாகப் போடுகிறார்கள். பழைய வண்டியை விட இரண்டு கிலோமீட்டர் கூடினால் போதும். அதைப் பெரிய வெற்றியாகச் சொல்கிறார்கள்.

அந்த இரண்டு கிலோமீட்டரால் நமக்கு எவ்வளவு பணம் மிஞ்சும்? அதற்காக நாம் எவ்வளவு பணம் கூடக் கொடுக்கிறோம்? நமக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரியும். நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மைலேஜ் என்றால் என்ன?

மைல் என்பது தூரத்தின் அளவு. ஒரு மைல் சுமார் 1.6 கிலோமீட்டர். இன்று நாம் கிலோமீட்டரில்தான் அளக்கிறோம். ஆனாலும் 'மைலேஜ்' என்ற பழைய சொல் நிலைத்துவிட்டது.

ஒரு லிட்டர் எரிபொருளில் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறதோ, அதுதான் மைலேஜ். 5 லிட்டரில் 100 கிலோமீட்டர் ஓடினால், 100-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும். விடை 20. அந்த வண்டியின் மைலேஜ் 20.

விளம்பர எண் எங்கிருந்து வருகிறது?

விளம்பரத்தில் வரும் எண்ணைக் கம்பெனி தன் இஷ்டத்துக்குப் போட முடியாது. வண்டியைச் சோதனை செய்ய அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் உள்ளன. மகாராஷ்டிரத்தில் புனே நகரில் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. இது 1966-இல் தொடங்கியது. இதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஏ.ஆர்.ஏ.ஐ.' என்பார்கள். அரியானாவில் மானேசரிலும் இப்படி ஒரு நிலையம் உண்டு.

அங்கே சோதனை எப்படி நடக்கிறது? வண்டியைச் சாலையில் ஓட்டுவதில்லை. ஒரு கூடத்துக்குள் பெரிய உருளைகள் இருக்கும். வண்டியின் சக்கரங்களை அந்த உருளைகள் மேல் நிறுத்துவார்கள். வண்டியை ஓட்டினால் சக்கரம் சுற்றும். உருளையும் சுற்றும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

எந்த நொடியில் எந்த வேகம் என்று ஒரு திட்டம் இருக்கும். பயிற்சி பெற்ற ஓட்டுநர் அதன்படியே ஓட்டுவார். பல ஆண்டுகளாகக் கார்களுக்குப் பின்பற்றி வந்த திட்டத்தில் ஓட்டம் சுமார் 20 நிமிடம். தூரம் 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மிக அதிக வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர். ஏசி ஓடாது.

எரிபொருளையும் டேங்கில் அளப்பதில்லை. குழாய் வழியே வரும் புகையைச் சேகரிப்பார்கள். புகையில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதிலிருந்து எவ்வளவு எரிபொருள் எரிந்தது என்று கணக்கிடுவார்கள்.

இந்தச் சோதனையில் ஒரு நன்மை உண்டு. எல்லா வண்டிக்கும் ஒரே முறை. அதனால் ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிடலாம்.

ஆனால் நம் சாலை அந்தக் கூடம் போன்றதா? நம் சாலையில் பள்ளம் உண்டு. மேடு உண்டு. குறுக்கே மாடு வரும். சிக்னலில் நிற்க வேண்டும். வண்டியில் ஐந்து பேர் ஏறுவார்கள். மேலே மூட்டையும் கட்டுவார்கள். மே மாத வெயிலில் ஏசி போடாமல் இருக்க முடியாது. ஆகவே விளம்பரத்தில் உள்ள எண் பெரும்பாலும் சாலையில் வராது.

அப்படியானால் விளம்பரம் பொய்யா? முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அது சோதனைக் கூடத்தின் எண். விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் 'சோதனை நிலைமையில்' என்று எழுதியிருப்பார்கள். எண் பெரிய எழுத்தில் இருக்கும். உண்மை சிறிய எழுத்தில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த நாம் அந்தச் சிறிய எழுத்தையும் படிக்க வேண்டும்.

சின்ன லாபத்தைப் பெரிதாகக் காட்டும் வழிகள்

கம்பெனிகள் சிறிய முன்னேற்றத்தைப் பல விதமாகச் சொல்கின்றன. அவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

முதல் வழி: புள்ளி வைத்த எண்.

2021-ஆம் ஆண்டு நவம்பரில் மாருதி சுசுகி புதிய செலேரியோ காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. லிட்டருக்கு 26.68 கிலோமீட்டர் என்று சொன்னது. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருந்தால் மிகவும் துல்லியமான எண் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த எண் அந்தக் காரின் ஒரு வகைக்கு உரியது. அதே காரின் வேறு வகைகளுக்கு 26.00, 25.24, 24.97 என்று எண்கள் இருந்தன.

இதில் எவ்வளவு வித்தியாசம்? 1000 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 26.68 என்றால் சுமார் 37 லிட்டரரை வேண்டும். 26.00 என்றால் சுமார் 38 லிட்டரரை வேண்டும். வித்தியாசம் ஒரு லிட்டர்தான். டயரில் காற்றுக் குறைந்தாலே இந்த ஒரு லிட்டர் போய்விடும்.

இரண்டாம் வழி: சதவீதம்.

"10 சதவீதம் கூடுதல் மைலேஜ்!" என்பார்கள். எதை விடக் கூடுதல்? இதைத்தான் நாம் கேட்க வேண்டும். அதே கம்பெனியின் பழைய வண்டியை விடவா? அடுத்த கம்பெனியின் வண்டியை விடவா? அடிப்படை எண் தெரியாவிட்டால் சதவீதத்துக்குப் பொருள் இல்லை.

மூன்றாம் வழி: 'வரை' என்ற சொல்.

"லிட்டருக்கு 25 கிலோமீட்டர் வரை" என்று எழுதுவார்கள். 'வரை' என்றால் அதற்கு மேல் போகாது என்று பொருள். குறையலாம். 18 கிடைத்தாலும் 'வரை'க்குள் அடங்கும்.

நான்காம் வழி: பெரிய டேங்க்.

"ஒரு முறை நிரப்பினால் 900 கிலோமீட்டர்!" என்பார்கள். ஒரு காரில் 35 லிட்டர் பிடிக்கும் டேங்க். இன்னொரு காரில் 45 லிட்டர் பிடிக்கும் டேங்க். இரண்டும் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும். முதல் கார் 700 கிலோமீட்டர் போகும். இரண்டாம் கார் 900 கிலோமீட்டர் போகும். இதில் மிச்சம் எங்கே? நிரப்பும்போது நாம்தான் 10 லிட்டருக்குக் கூடப் பணம் கொடுக்கிறோம்.

ஐந்தாம் வழி: புதிய பெயர்.

சிறிய மாற்றத்துக்குப் பெரிய பெயர் வைப்பார்கள். அதைத் தனியாகப் பார்ப்போம்.

ஒரு காரின் கதை

2015-ஆம் ஆண்டு மாருதி சுசுகி தன் சியாஸ் டீசல் காரில் ஒரு மாற்றம் செய்தது. சிறிய மோட்டாரும் அதற்கேற்ற பேட்டரியும் வைத்தது. சிக்னலில் நின்றால் இஞ்சின் தானாக அணையும். கிளம்பும்போது தானாக ஓடும். வண்டி வேகத்தைக் குறைக்கும்போது வீணாகும் சக்தியில் கொஞ்சம் பேட்டரியில் சேரும். வேகம் எடுக்கும்போது அந்தச் சக்தி இஞ்சினுக்கு உதவும்.

இந்தக் காரை 'ஹைப்ரிட்' என்று அழைத்தார்கள். ஹைப்ரிட் என்றால் இரண்டு சக்தியில் ஓடுவது. ஆனால் இந்த மோட்டாரால் மட்டும் காரை ஓட்ட முடியாது. அது இஞ்சினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். இதை 'மிதமான ஹைப்ரிட்' என்பார்கள். மோட்டாரிலேயே சிறிது தூரம் ஓடக்கூடிய முழு ஹைப்ரிட் கார்கள் வேறு.

மாற்றத்துக்கு முன் அந்தக் காரின் சோதனை எண் 26.21. மாற்றத்துக்குப் பின் 28.09. கூடியது 1.88 கிலோமீட்டர். அந்த நேரத்தில் நாட்டிலேயே மிக அதிக மைலேஜ் தரும் கார் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு என்ன மிச்சம்? முன்பு சுமார் 38 லிட்டர் வேண்டும். பின்பு சுமார் 35 லிட்டரரை போதும். மிச்சம் சுமார் 2 லிட்டரரை. ஆண்டுக்குச் சுமார் 30 லிட்டர்.

இந்த மிச்சம் பொய் இல்லை. நல்ல மாற்றம்தான். ஆனால் 'ஹைப்ரிட்' என்ற பெயரைக் கேட்டதும் பாதி டீசல் மிஞ்சும் என்று ஒருவர் நினைத்தால் ஏமாந்து போவார். மைய அரசு ஹைப்ரிட் கார்களுக்கு விலைச் சலுகை கொடுத்து வந்தது. மிதமான ஹைப்ரிட் டீசல் கார்களுக்கு அந்தச் சலுகையை 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் நிறுத்திவிட்டது.

எண் காட்டும் மாயம்

இப்போது ஒரு கேள்வி. நன்றாக யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

ஒருவரிடம் பழைய ஜீப் இருக்கிறது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும். அதைக் கொடுத்துவிட்டு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டி வாங்குகிறார். இன்னொருவரிடம் சிறிய கார் இருக்கிறது. 20 கிலோமீட்டர் ஓடும். அதைக் கொடுத்துவிட்டு 22 கிலோமீட்டர் ஓடும் கார் வாங்குகிறார். இருவருக்கும் 2 கிலோமீட்டர்தான் கூடுகிறது. இருவருக்கும் ஒரே மிச்சமா?

கணக்குப் போடுவோம். இருவரும் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள்.

ஜீப்காரருக்கு முன்பு 100 லிட்டர். இப்போது சுமார் 83 லிட்டர். மிச்சம் 17 லிட்டர்.

கார்காரருக்கு முன்பு 50 லிட்டர். இப்போது சுமார் 45 லிட்டரரை. மிச்சம் 4 லிட்டரரை.

பார்த்தீர்களா? கூடிய கிலோமீட்டர் ஒன்றுதான். மிச்சம் ஒன்று இல்லை. குறைவாக மைலேஜ் கொடுக்கும் வண்டியில் இரண்டு கிலோமீட்டர் கூடினால் பெரிய லாபம். ஏற்கெனவே நன்றாக ஓடும் வண்டியில் இரண்டு கூடினால் சிறிய லாபம்.

படித்தவர்களும் இதில் தவறு செய்கிறார்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2008-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். மைலேஜ் எண்ணைப் பார்த்து மக்கள் மிச்சத்தைத் தவறாக எடைபோடுகிறார்கள் என்று காட்டினார்கள்.

ஐரோப்பாவில் வேறு விதமாகக் கணக்கிடுகிறார்கள். "100 கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர் வேண்டும்?" என்று கேட்கிறார்கள். இந்த முறையில் மாயம் இல்லை. 20 கிலோமீட்டர் வண்டிக்கு 5 லிட்டர். 22 கிலோமீட்டர் வண்டிக்குச் சுமார் 4.5 லிட்டர். மிச்சம் அரை லிட்டர். எண்ணைப் பார்த்ததும் விளங்கிவிடும்.

ஷோரூமில் கேட்கும் பேச்சு

விற்பனை செய்யும் தம்பி மிகவும் மரியாதையாகப் பேசுவார். பேச்சு இப்படிப் போகும்.

"சார், இந்த மாடல் 20 கொடுக்கும். அந்த மாடல் 22 கொடுக்கும். அதையே எடுத்துக்கொள்ளுங்கள்."

"விலை எப்படி, தம்பி?"

"இது 6 லட்சம் சார். அது 6 லட்சத்து 40 ஆயிரம். பெட்ரோலிலேயே மிஞ்சிவிடும் சார்."

"எத்தனை நாளில் மிஞ்சும்?"

தம்பி சிரிப்பார். பதில் சொல்ல மாட்டார். நாமே கணக்குப் போடுவோம். எளிதாக இருக்க, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால், முதல் காருக்கு 50 லிட்டர். செலவு 5000 ரூபாய். இரண்டாம் காருக்குச் சுமார் 45 லிட்டரரை. செலவு சுமார் 4550 ரூபாய். மாத மிச்சம் 450 ரூபாய்.

கூடக் கொடுத்த பணம் 40,000 ரூபாய். 40,000-ஐ 450-ஆல் வகுத்தால் சுமார் 89 மாதம். ஏழு ஆண்டும் ஐந்து மாதமும் ஆகும். அதன் பிறகுதான் லாபம் தொடங்கும். அந்த 40,000-ஐக் கடனாக வாங்கியிருந்தால் வட்டியும் உண்டு. அப்போது இன்னும் பல மாதம் ஆகும்.

இதே காரை வாடகைக்கு ஓட்டுகிறவர் வாங்கினால்? அவர் மாதம் 4000 கிலோமீட்டர் ஓட்டுவார். மிச்சம் நான்கு மடங்கு. மாதம் 1800 ரூபாய். 23 மாதத்தில், அதாவது இரண்டு ஆண்டுக்குள், போட்ட பணம் திரும்பிவிடும். அவருக்கு இரண்டாம் கார் நல்லது.

ஆகவே ஒரே வண்டி ஒருவருக்கு லாபம். இன்னொருவருக்கு நஷ்டம். எவ்வளவு ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. விளம்பரத்துக்கு இது தெரியாது. நமக்குத்தான் தெரியும்.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே கணக்குதான். 60 கொடுக்கும் வண்டிக்குப் பதில் 65 கொடுக்கும் வண்டி வாங்குகிறோம். விலை 5000 ரூபாய் அதிகம். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். முன்பு 10 லிட்டர் வேண்டும். இப்போது சுமார் 9 லிட்டரும் கால் லிட்டரும் போதும். மிச்சம் முக்கால் லிட்டர். 75 ரூபாய். 5000 ரூபாய் திரும்ப ஐந்தரை ஆண்டு ஆகும்.

எண்ணில் மோசடி நடந்தது உண்டா?

உண்டு. பெரிய நாடுகளிலேயே நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கம்பெனிகள் மைலேஜைக் கூட்டிச் சொன்னது 2012-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியே வந்தது. பலமுறை சோதனை செய்து, சராசரி எண்ணைச் சொல்லாமல் தங்களுக்குச் சாதகமான எண்ணை எடுத்துக்கொண்டதாக அந்நாட்டு அரசு சொன்னது. பெரும்பாலான கார்களில் ஒன்று அல்லது இரண்டு மைல்தான் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சின்ன எண்ணுக்கு 2014-இல் 10 கோடி டாலர் அபராதம் கட்டினார்கள். சுமார் 12 லட்சம் கார்கள் இதில் அடங்கும்.

ஜப்பானில் 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் மிட்சுபிஷி கம்பெனி தவறை ஒப்புக்கொண்டது. 6 லட்சத்து 25 ஆயிரம் சிறிய கார்களின் சோதனைக் கணக்கைத் திருத்தியிருந்தது. அந்தக் கார்களில் பெரும் பகுதியை நிசான் கம்பெனிக்காகச் செய்து கொடுத்திருந்தது. நிசான் தானே அளந்து பார்த்தது. எண் பொருந்தவில்லை. அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

நம் நாட்டிலும் ஒரு வழக்கு நடந்தது. கேரளத்தில் ஒரு பெண்மணி 2014-இல் டீசல் கார் வாங்கினார். லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்று விளம்பரம் சொன்னது. அவருக்கு அதில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைத்தது. அவர் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். ஆணையம் நிபுணரை அனுப்பியது. அவர் காரைச் சாலையில் ஓட்டி அளந்தார். 19.6 கிலோமீட்டர்தான் கிடைத்தது. 2022-இல் தீர்ப்பு வந்தது. அந்தப் பெண்மணிக்குச் சுமார் 3 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர ஆணையம் உத்தரவிட்டது.

கம்பெனிகள் ஏன் இந்தச் சின்ன எண்ணுக்குப் பாடுபடுகின்றன?

விற்பனைக்காக மட்டும் இல்லை. அரசின் விதியும் ஒரு காரணம். ஒரு கம்பெனி விற்கும் எல்லாக் கார்களையும் சேர்த்துச் சராசரி பார்க்க வேண்டும் என்று 2017-18 முதல் விதி உண்டு. 2022-23 முதல் அது இன்னும் கடுமையானது. பெட்ரோல் கணக்கில் சொன்னால், சராசரியாக லிட்டருக்குச் சுமார் 21 கிலோமீட்டர் வர வேண்டும்.

நாட்டுக்கு இது நல்லது. ஒரு காருக்கு ஆண்டுக்கு 30 லிட்டர் மிச்சம் என்றால் நமக்குச் சிறியதாகத் தெரியும். 10 லட்சம் கார்களுக்கு அது 3 கோடி லிட்டர். புகையும் குறைகிறது. வெளிநாட்டுக்குப் போகும் பணமும் குறைகிறது. ஆகவே சிறிய முன்னேற்றத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அதற்கு நாம் கொடுக்கும் விலை சரியா என்று பார்த்தால் போதும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2025-இல் நம் நாட்டில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. கரும்பு, சோளம், அரிசி போன்றவற்றிலிருந்து எத்தனால் எடுக்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சக்தியை விட ஒரு லிட்டர் எத்தனாலில் சக்தி குறைவு. அதனால் மைலேஜ் சிறிது குறையும். புதிய மாடலில் கூடிய ஒரு கிலோமீட்டர் இதிலேயே கரைந்து போகலாம்.

உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ்

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

1. பெட்ரோல் பங்கில் டேங்கை முழுக்க நிரப்புங்கள். மீட்டரில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

2. வழக்கம்போல் வண்டியை ஓட்டுங்கள். சில நாள் போகட்டும்.

3. அதே பங்கில் மீண்டும் முழுக்க நிரப்புங்கள். எத்தனை லிட்டர் பிடித்தது என்று பில்லைப் பார்த்து எழுதுங்கள்.

4. மீட்டரில் உள்ள புதிய எண்ணையும் எழுதுங்கள்.

5. புதிய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழியுங்கள். விடையை லிட்டரால் வகுங்கள்.

உதாரணம்: முதலில் மீட்டரில் 18,240. பிறகு 18,690. ஓடிய தூரம் 450 கிலோமீட்டர். இரண்டாம் முறை பிடித்தது 25 லிட்டர். 450-ஐ 25-ஆல் வகுத்தால் 18. இதுதான் உண்மையான மைலேஜ்.

மூன்று முறை இப்படிப் பார்த்துச் சராசரி எடுத்தால் இன்னும் நல்லது.

காசு கொடுக்காமல் கூட்டும் வழி

மைலேஜைக் கூட்டப் புதிய வண்டி வாங்க வேண்டியதில்லை. பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் என்ற அரசு அமைப்பு 1978 முதல் இதைச் சொல்லி வருகிறது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். டயரில் சரியான காற்று வையுங்கள். சிக்னலில் நின்றால் இஞ்சினை அணையுங்கள். காலைக் கிளட்ச்சிலேயே வைத்திருக்காதீர்கள். வேண்டாத பாரத்தை இறக்குங்கள். காற்று வடிகட்டியைச் சுத்தமாக வையுங்கள். இந்தப் பழக்கங்களால் வரும் மிச்சம், பல நேரம் புதிய மாடலில் வரும் மிச்சத்தை விட அதிகம்.

ஏமாந்தால் என்ன செய்வது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நமக்குத் துணை. தவறான விளம்பரம் செய்யும் கம்பெனிக்கு இந்தச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போடலாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நாம் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். விளம்பரத்தை வெட்டி வையுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். மைலேஜ் எழுதிய நோட்டையும் வையுங்கள். எழுத்தில் உள்ளதுதான் சாட்சி.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. ஒரு மொபெட் 8 லிட்டரில் 400 கிலோமீட்டர் ஓடியது. அதன் மைலேஜ் எவ்வளவு?

2. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வேனுக்கு 600 கிலோமீட்டர் போக எத்தனை லிட்டர் வேண்டும்? 20 கிலோமீட்டர் ஓடும் வேன் என்றால் எத்தனை லிட்டர் மிஞ்சும்?

3. ஒரு வண்டிக்கு 12,000 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டும். மாதம் 200 ரூபாய் மிஞ்சும். கொடுத்த பணம் திரும்ப எத்தனை ஆண்டு ஆகும்?

4. இன்றைய செய்தித்தாளில் ஒரு வண்டி விளம்பரத்தைத் தேடுங்கள். அதில் மிகச் சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது? உரக்கப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.